இருமுழப் பட்டணத்து ராஜா

ராயபுரம்,
17 ஜூலை 1951

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஞானசெல்விக்கு, தாய்மாமன் தவசிமுத்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இதுவரை உலகத்தில் யாரும் எழுதாத, இனிமேலும் யாரும் நம்பப்போகாத ஒரு சம்பவத்தை இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன் என்று, என் கருப்பட்டி மண்டியின் பெரிய தராசைச் சாட்சியாக நிறுத்தி உறுதி கூறுகிறேன். நீ நம்பமாட்டாய். உன் அய்யா நிச்சயம் நம்பமாட்டார். நானே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது, 'யாரடா இந்தப் புளுகன்' என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மூன்று கார்டும் ஒரு தந்தியும் அனுப்பி, 'அவர் எங்கே?' என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். உட்கார்ந்து படி.

உன் கணவர் செல்வநாதன், உயரம் ஆறடி ஓரங்குலம், துறைமுகத்தையொட்டிய கரிக் கிடங்கில் வேகன் தள்ளும் கூட்டத்துக்கு மேஸ்திரி, ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்குப் பூமிக்குள் இறங்கிப்போய்விட்டார். இறங்கிப்போனார் என்றுதான் எழுதியிருக்கிறேன். இறந்துபோனார் என்று எழுதவில்லை. இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போ.

நான் எழுதிய 'இருமுழப் பட்டணம்' கதையை நீ மறந்திருக்கமாட்டாய். முதலில் அது சபைப் பத்திரிகையில் எட்டு மாதம் வந்து, எட்டுப் பேர் படித்தார்கள். பிறகு நாற்பத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு நாடகமாகி, எண்ணூறு பேர் பார்த்தார்கள். பூமிக்கடியில் வாழும் குள்ளர்களாக நடிக்க, நம் வாலிபர்கள் கால்களைப் பின்னால் மடித்து, முழங்காலில் பூட்ஸைக் கட்டிக்கொண்டு மேடையெல்லாம் நடந்தார்கள். ட்ரெய்னிங் பள்ளியில் படிக்க என் வீட்டில் தங்கியிருந்த நீதான் அந்த முழங்கால்களுக்கெல்லாம் பஞ்சுப் பை தைத்துக் கொடுத்தாய். ராஜா வேஷம் போட்ட நெட்டையனுக்கு மட்டும் இரட்டைப் பஞ்சு வைத்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயாக்கும்.

அந்தப் பட்டணத்தை நான் கற்பனை செய்தேன் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். இரண்டு பேருமே தப்பு. அது நிஜமாகவே ராயபுரத்துக்கு அடியில் இருக்கிறது! துறைமுகம் கட்டக் கடலில் கல்லைக் கொட்டினார்களே, அந்தக் கல் போய் அவர்கள் தலைவாசலை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து அது தொலைந்துபோன ராஜ்யம். திருவொற்றியூர்ப் பக்கம் புகைவது தொழிற்சாலை என்று நாம் நினைக்கிறோம். அது குள்ளர்களின் அடுப்படி. எண்ணூர் உப்பளம் என்கிறோம். அது அவர்கள் அழுது காயவைத்த இடம். ஒவ்வொருவனும் இரண்டு முழம்தான். மீசை மட்டும் மூன்று முழம், அதைச் சடையாகப் பின்னி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவர்கள், கரிக் கிடங்கில் மூன்றாவது தண்டவாளத்துக்குக் கீழே ஒரு வாசலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எதிரே உன் கணவர் நின்றார். 'இவரே எங்கள் ராஜா' என்று இழுத்துக்கொண்டார்கள். இரண்டு முழத்துக்கு மேற்பட்டவன் சிம்மாசனத்தில் உட்காரக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆறடி மனிதரை எப்படி உட்காரவைத்தார்கள் என்பது ராஜ ரகசியம்.

ராஜ்ய வேலை அதிகம். ஆகையால் கடிதம் எழுத நேரமில்லை. நீ பிள்ளை பெற்ற தந்தியை நானே அரண்மனைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ராஜா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாட்டில் அது மிகுந்த சந்தோஷத்துக்கு அடையாளமாம்.

பிள்ளைக்கு என் முத்தம்.

இருமுழப் பட்டணத்தின் மேலுலகத் தூதரும் கருப்பட்டி வியாபாரியுமான உன் மாமா,
தவசிமுத்து


ஆசீர்வாதபுரம்,
24 ஜூலை 1951

மாமா அவர்களுக்கு, ஞானசெல்வி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப்போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். 'என் தம்பி இப்பிடி எழுதுனான்னா எதையோ முழுங்குதான்னு அர்த்தம். வச்சுக்கோ' என்றாள். அதனால் வைத்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. பெண். அவள் அப்பாவைப் போலவே காது. நான் ஏழாம் மாதம் இங்கே வரும்போது எழும்பூர் ஸ்டேஷனில் அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடிவந்தார்கள். வாரம் தவறாமல் கடிதம் வந்தது. ஜூன் பத்தாம் தேதிக் கடிதத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. இதற்கு நீங்கள் எனக்கு மீசைக் கதை சொல்கிறீர்கள்.

சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, காய்ச்சலில் கிடந்த எனக்கு நீங்கள் இப்படித்தான் கதை சொல்வீர்கள். இப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை மாமா. அவமானம்.

போன வாரம் சிவந்தி அண்ணாச்சி சென்னைப் பட்டணத்தில் வத்தல் மூட்டை போட்டுவிட்டு ஊருக்கு வந்தார்கள். நேராக எங்கள் அய்யாவிடம் வந்து, வியாசர்பாடியில் கெங்கம்மா என்கிற ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் நின்று, 'எங்க வூட்ல கீற செல்வநாதன்' என்று பேசியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார்கள். கரிக் கிடங்கு மேஸ்திரிதானே என்று கேட்டதற்கு, 'ஆமாயா, மூணு வாரமா எங்க வூட்லதான் கீறாரு, உனுக்கு இன்னா?' என்று திருப்பிக் கேட்டாளாம்.

அய்யா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள், 'ஏ ஞானசெல்வி, ஒம் மாப்ள அங்க வேற குடித்தனம் வச்சிருக்கான். நீ இன்னமும் தபாலாபீசு வாசலையே பாத்துக்கிட்டு இரு' என்றார்கள். செப்டம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்றைக்கு அவர்கள் வந்து பிள்ளையைக் கையில் வாங்காவிட்டால், சபை மூப்பர்களைக் கூட்டி இந்த உறவு முடிந்தது என்று அய்யா சொல்லப்போகிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலைக்கும் பேசிவிட்டார்கள்.

எனக்கு இரண்டே பதில் போதும். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? அந்தக் கெங்கம்மா வீட்டில் இருக்கிறார்களா? ஆமாம், இல்லை என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் படிக்கமாட்டேன்.

ஞானசெல்வி


ராயபுரம்,
31 ஜூலை 1951

மருமகளே,

ஆமாம். ஆமாம்.

நீ கேட்டதற்குப் பதில் முடிந்தது. இதற்கு மேல் படிக்கமாட்டேன் என்று சொன்னாய். படிக்கிறாய். நல்லது.

அந்தக் கெங்கம்மா அந்தப்புரத்து ராணி அல்ல. ஐம்பது வயது. அவள்தான் பட்டணத்தின் வாசல் பூதம். அவள் புருஷன் சுப்பராயன் பட்டணத்துச் சேனாபதி. மேலுலகத்தில் உன் கணவரின் கூட்டத்திலேயே வேகன் தள்ளியவன். ராஜாவை அவன்தான் தன் தோளில் சுமந்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோனான். என் மாடிக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். ராஜா மாடிப்படி ஏறக் கூடாது என்று அங்கே ஒரு சட்டமாம். கீழே மண்டியில் படுக்கை போடுகிறேன் என்றேன். நம் ஊர்க்காரர்கள் தினம் பத்துப் பேர் வந்துபோகிற மண்டியில் ராஜா தரிசனம் தரக் கூடாது என்று இன்னொரு சட்டம்.

அரண்மனையின் வைபவத்தைக் கேள். ராஜாவுக்கென்று சேனாபதி தன் கையாலேயே ஒரு ரதம் செய்திருக்கிறான். சொக்கத் தங்கம். நான்கு சக்கரம். தரையோடு தரையாகப் பறக்கும். ராஜா அதில் ஏறி உட்காரும் நாளில்தான் தொலைந்த ராஜ்யம் மறுபடி வெளிச்சத்துக்கு வரும் என்று சாஸ்திரம் எழுதியிருக்கிறது. ராஜாவோ அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூலையில் கிடக்கிறது. வாசல் பூதம் அதன்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டாள்.

ராஜா மகா தர்மவான். கல்யாணத்துக்கு வாங்கிய பூட்ஸை, தினம் துடைத்து வைப்பாரே, அதைச் சேனாபதிக்குத் தானம் செய்துவிட்டார். சேனாபதியின் காலுக்கு அது படகு மாதிரி இருக்கிறது. அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

ராஜா சாப்பிடுவதில்லை, செல்வி.

நேற்று நான் போனபோது கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது. வாசல் பூதம் கர்ஜித்தாள். 'இன்னா நைனா, நா இன்னா வெசத்தையா கலந்து வச்சிகீறேன்? துண்ணாம கெடந்தா ஒயரமா வளந்துடுவியா? ஊட்ல பச்சக் கொயந்த கீது, பொண்டாட்டி கீது. பேஜாரு பண்ணாத, துண்ணு!' ராஜா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் சந்தோஷம் எதுவும் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமாக் கம்பெனிக்காரர் போன வாரம் மண்டிக்கு வந்தார். நாற்பத்தாறில் நாடகம் பார்த்தவராம். இருமுழப் பட்டணத்தைப் படமாக எடுக்க வேண்டுமாம். ஆனால் குள்ளர் ராஜாவுக்கு ஜோடியாக நடிக்க எந்த நட்சத்திரமும் வரமாட்டாள், அதனால் கடைசி ரீலில் ராஜாவை ஒரு சாமியார் தொட்டு ஆறடி ஆக்கிவிடலாமா என்று கேட்டார். 'ஆக்க முடியுமா? அந்தச் சாமியார் எங்கே இருக்கிறார்? கூட்டிக்கொண்டு வாருங்கள், கதையை இனாமாகவே தருகிறேன்' என்றேன். நான் கேட்ட விதத்தில் பயந்துபோய்க் குடையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்.

ஏன் எல்லாவற்றையும் நேராகச் சொல்லவில்லை என்பாய். ஜூன் மாதம் இருபதாம் தேதி ராஜா என் கையைப் பிடித்து வேதப்புத்தகத்தின்மேல் வைத்து, 'நடந்தது எதையும் உள்ளபடி அவளுக்கு எழுதமாட்டேன்னு சொல்லுங்க மாமா' என்றார். சொன்னேன். அன்றைக்கு அவர் இருந்த நிலையில் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். பொய் எழுதமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை. என்னை இவ்வளவு நாள் தெரிந்திருந்தும்!

ஆகையால் மருமகளே, உன் மாமனால் பொய்தான் எழுத முடியும். நீ ட்ரெய்னிங் படித்தவள். பிள்ளைகள் கிறுக்கிய பலகையைப் படித்துப் பழகியவள்.

தவசிமுத்து


ஆசீர்வாதபுரம்,
8 ஆகஸ்ட் 1951

மாமா,

நீங்கள் எழுதியதை நான்கு நாள் படித்தேன்.

சனிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அம்மா தன் கையை நீட்டிப் பிள்ளையை அதில் படுக்கவைத்து, 'ஒரு முழத்துக்கு நாலு விரக்கடை கூட இருக்கா' என்று சிரித்தாள். பிள்ளையை அவள் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் ஆறடி ஓரங்குலத்துக்கு ஒரு கோடு போட்டேன். என் உச்சி அவர்கள் தோளுக்கு வரும், அதனால் எனக்குத் தெரியும். பிறகு தரையிலிருந்து இரண்டு முழம் அளந்து இன்னொரு கோடு போட்டேன். மாடிப்படி ஏறக் கூடாது. பூட்ஸ் தானம். தோளில் சுமந்தான். தரையோடு தரையாகப் போகும் ரதம். எல்லாவற்றையும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் மாமா. பிள்ளை அழுதது கேட்டது. கரியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சத்தியத்தை மீற வேண்டாம். நானும் உங்களிடம் உள்ளபடி எதையும் கேட்கவில்லை. இருமுழப் பட்டணத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். நான் அந்த நாடகத்துக்குத் தையல் வேலை செய்தவள். கேட்க எனக்கு உரிமை உண்டு.

ராஜாவுக்கு மறுபடியும் பஞ்சுப் பை தைக்க வேண்டும். பழைய அளவு உதவாது. எந்த அளவுக்குத் தைக்கட்டும்? முழங்கால் இருக்கிறதா? அதற்கு மேலா, கீழா? இரண்டும் ஒரே அளவா? தையல்காரி கேட்பதாக நினைத்து எழுதுங்கள். இரண்டு முழம் என்பது நீங்கள் அளந்த அளவா, நாடகத்து அளவா? எந்த அளவானாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

பட்டணத்து ராஜாவை இரும்பு எதுவும் மோதியதா? வலி இருக்கிறதா? கனவில் கத்துகிறார்களா?

அவர்கள் ஏன் எனக்குச் சொல்லக் கூடாது என்றார்கள்? எனக்கு அதுதான் கோபம். கால் போனதற்கு நான் அழுகிறேன். சொல்லாததற்கு எனக்குக் கோபம் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருகிறது, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூட.

அய்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. சுவரில் உள்ள கோடுகளைப் பார்த்து, 'என்னட்டி இது?' என்றார்கள். பிள்ளை வளர்வதைக் குறிக்க என்றேன்.

தாமதிக்காதீர்கள்.

செல்வி


ராயபுரம்,
13 ஆகஸ்ட் 1951

தையல்காரிக்கு,

பட்டணத்து அளவுகள் பின்வருமாறு. ராஜாவுக்கு இரண்டு முழங்காலும் பத்திரம். இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். வலது பக்கம் நான்கு விரல். ராஜ வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகும் வலது பக்கத்தில் புண் இன்னும் ஆறவில்லை, ஆகையால் பஞ்சு அதிகம் வை. நாடகத்தில் நம் குள்ளர்கள் எல்லோரும் பேருக்குத்தான் இருமுழம். முழங்காலில் நின்றால் எவனும் மூன்று முழத்துக்குக் குறைந்தவன் இல்லை. ராஜாவும் நின்றால் அந்த உயரம்தான். ஆனால் ராஜா நிற்பதில்லை. உட்கார்வதும் குறைவு.

கரிக் கிடங்கில் இரண்டு இரும்பு யானைகள் ஒன்றையொன்று முட்ட வந்தன. இடையில் சேனாபதி நின்றான், யானை வருவதைப் பாராமல். ராஜா அவனை அந்தப் பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ராஜா தண்டவாளத்தில் விழுந்தார். இதுதான் வாசல் திறந்த கதை. சேனாபதி இப்போதும் தினம் வேலைக்குப் போகும்போது ராஜாவின் கட்டிலைத் தொட்டுவிட்டுப் போகிறான். ராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. 'கும்புடு போடாதடா, நான் இன்னா சிலையா?' என்று மெட்ராஸ்காரன் மாதிரியே திட்டுகிறார். நேற்று வரை அவர் முழு வாக்கியமாகப் பேசியது அது ஒன்றுதான்.

செல்வி, என்னிடம் மிடுக்கு தீர்ந்துபோயிற்று. இன்று ஐந்தாம் நாள், ராஜாவின் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. காய்ச்சலும் இருக்கிறது. நேற்று எனக்கு ஒரு ராஜ கட்டளை வந்தது. 'நான் செத்துப்போயிட்டதா அவளுக்கு எழுதிடுங்க மாமா, அவளுக்கு இருபத்து மூணு வயசு, படிச்சவ, அவங்க அய்யா பாத்துக்குவாங்க' என்றார். 'அவ வந்து என்னை இப்பிடிப் பாத்தா, அன்னிக்கே நான் இருக்கமாட்டேன்' என்றும் சொன்னார்.

நான் பிறந்ததிலிருந்து எத்தனையோ புளுகு புளுகியிருக்கிறேன். ஒரு தடவை திமிங்கிலத்துக்குக் கருப்பட்டி விற்றதாகச் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. காகிதத்தை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன், மண்டியை மூடிவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

என்ன செய்வது? நீ வந்தால் அவர் என்ன செய்துகொள்வாரோ என்று பயம். நீ வராவிட்டால் அவர் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரியும். நீயே சொல். கதைக்கு முடிவு எழுத எனக்குத் தெரியவில்லை.

மாமா


ஆசீர்வாதபுரம்,
20 ஆகஸ்ட் 1951

மாமாவுக்கு,

நான் வருகிறேன். இருபத்தொன்பதாம் தேதி வண்டி ஏறி, முப்பதாம் தேதி காலையில் எழும்பூரில் இறங்குவேன். பிள்ளையும் நானும்தான்.

அய்யாவிடம் சொல்லிவிட்டேன். சுவரண்டை கூட்டிக்கொண்டு போய், இது அவர்கள் இருந்த உயரம், இது நான் பயந்த உயரம், நடுவில் இதுதான் மாமா எழுதிய உயரம் என்று மூன்றாவது கோடும் போட்டுக் காட்டினேன். அய்யா ரொம்ப நேரம் மூன்றாவது கோட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, 'நான் அவனப் பத்தி என்னல்லாம் பேசிட்டேன் ஊருக்குள்ள' என்றார்கள். சிவந்தி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்கள். ஞானஸ்நானம் இங்கே வேண்டாம், ராயபுரத்தில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். நாசரேத் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள்தான் வேதப்புத்தகத்தில் கை வைத்தீர்கள். நான் வைக்கவில்லை. ஆகையால் நான் உள்ளபடி எழுதலாம். இதற்குக் கீழே உள்ளதை அவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று உரக்கப் படியுங்கள். கெங்கம்மாவும் சுப்பராயனும் கேட்கட்டும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் படியுங்கள்.

இருமுழப் பட்டணத்து ராஜாவுக்கு, அவர்கள் மனைவி எழுதுவது. நீங்கள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எனக்கு ஒரு சாவுச் செய்தி அனுப்பப் பார்த்தீர்கள். நான் இதை எளிதில் மன்னிக்கமாட்டேன். நேரில் வந்து சண்டை போடுவேன். சண்டை போடத் தெம்பு வேண்டும், அதனால் கஞ்சி குடியுங்கள். சாப்பிடாதவர்களோடு நான் சண்டை போடுவதில்லை.

பஞ்சுப் பை இரண்டும் தைத்தாயிற்று. வலது பக்கத்துக்கு இரட்டைப் பஞ்சு. முன்னொரு தடவை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வைத்தேன். இப்போது ஊரே பார்க்க வைத்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்குத் தேவகிருபை என்று பேர் வைக்க நினைத்திருக்கிறேன். வேறு பேர் வேண்டுமானால் நீங்களே வந்து சொல்ல வேண்டும். அவள் ஒரு முழத்துக்கு நாலு விரற்கடை கூட. இந்த வீட்டில் எல்லோரும் அவளுக்கு மேலே எங்கேயோ இருக்கிறோம். அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறாள். நாளைக்கு அவள் தவழும்போது அவள் கண்ணுக்கு நேராக ஒரு முகம் வேண்டாமா? எனக்கு முதுகு வலிக்கிறது, என்னால் எப்போதும் குனிய முடியாது.

பட்டணத்து வாசல் தாழ்ந்த வாசல் என்று மாமாவின் நாடகத்தில் வரும். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படியாவது நுழைந்துவிடுவேன். நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஞானசெல்வி


ராயபுரம்,
24 ஆகஸ்ட் 1951

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கையில் எடுத்துக்கொண்டு டிராமுக்குக்கூடக் காத்திராமல், ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி வரைக்கும் ஓடினேன். பெரியவர் ஒருவர் ஓடுகிறாரே என்று எனக்குப் பின்னால் நான்கு பேரும் ஒரு நாயும் ஓடிவந்தார்கள். இதில் நாய் மட்டும் நான் கூட்டிச் சொன்னது.

படித்தேன். முதல் பாதி வரை ராஜா சுவரைத்தான் பார்த்தார். 'சாவுச் செய்தி' என்ற இடம் வந்ததும் முதுகு அசைந்தது. 'இரட்டைப் பஞ்சு' வந்ததும் நான் படிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் எனக்குக் கண் தெரியவில்லை. கெங்கம்மா என் கையைத் தட்டி, 'யோவ் தாத்தா, அய்வுறத அப்பால வச்சிக்கோ, படி!' என்றாள். எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஆனாலும் படித்தேன்.

முகம் வந்த இடத்தில் ராஜா திரும்பினார். கண்ணுக்கு நேராக ஒரு முகம் வேண்டாமா என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில். 'மறுக்கா படிங்க' என்றார். படித்தேன். 'மறுக்கா' என்றார். ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவைக்கு அவருக்கே மனப்பாடம்.

சுப்பராயன் கதவோரம் நின்றான். 'சண்டை போடுவாளாமே' என்றார் உன் கணவர். 'நிச்சயமா' என்றேன். 'அவ போட்டா லேசுல விடமாட்டா' என்றார். இதைச் சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இப்போதும் தெரியாது. கெங்கம்மா எதையும் கேட்காமல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அரைக் கிண்ணம் குடித்தார். முழுக் கிண்ணம் என்று எழுத ஆசைதான். அரைதான்.

நான் கிளம்பும்போது, 'எழுதுங்க மாமா, இனிமே எப்பிடி வேணும்னாலும் எழுதுங்க' என்று என்னைச் சத்தியத்திலிருந்து விடுவித்தார். ஆகவே இது நான் உனக்கு உள்ளபடி எழுதும் முதல் கடிதம். பழக்கமில்லாததால் எழுத்து கோணலாக இருக்கும். பயம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வராதே. காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று ராத்திரி, விடிவதற்குள் இரண்டு தடவை, 'அவள வர வேணாம்னு தந்தி அடிங்க' என்று சுப்பராயனை அனுப்பினார். இரண்டு தடவையும் நான் அடித்துவிட்டதாகச் சொன்னேன். என் கடைசிப் பொய் அதுதான். நீ வந்து நிற்கும்போது அதற்காக என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

இனி பாவ அறிக்கை. அரண்மனை பொய். மூன்று முழ மீசை பொய். திருவொற்றியூரில் புகைவது தொழிற்சாலைதான். எண்ணூர் உப்பு வெறும் உப்புதான். பூமிக்கடியில் குள்ளர்கள் யாரும் இல்லை, ராஜ்யமும் இல்லை, தொலைந்துபோகவும் இல்லை. காலைப் பற்றிய பெரிய உண்மையை நீயே சுவரில் கோடு போட்டுக் கண்டுபிடித்தாய், அதில் எனக்குப் பங்கில்லை. பட்டணத்தைப் பற்றி நானாக எழுதியதில் ஒரே ஒரு சின்னச் சமாசாரம் மட்டும் உண்மை.

ரதம்.

தங்கம் இல்லை. துறைமுகத்தில் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை. சுப்பராயன் எங்கிருந்தோ நான்கு பேரிங் தேடிக்கொண்டுவந்து சக்கரமாக அடித்தான். ஒரு மாதமாக மூலையில் கிடந்தது. குடம் வைத்ததும் மெய்தான்.

இன்று காலையில் நான் போனபோது குடம் தரையில் இருந்தது. சுப்பராயன் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை கட்டிலிலிருந்தே, 'அந்தப் பின்சக்கரம் கத்துதுடா, கொயந்த பயந்துக்கும்' என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஆகையால் செல்வி, முப்பதாம் தேதி எழும்பூரில் இறங்கியதும் கூட்டத்தில் முகங்களைத் தேடாதே.

கீழே பார்.

உன் மாமா,
தவசிமுத்து